கார்பன் சைக்கிளும் வியர்வையும்

பழைய கார்பன் பந்தய சைக்கிள் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, வாங்கலாமா, புது கியர் மாட்ட முடியுமா என்று வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வாங்கலாம். எந்தக் காலத்து கார்பன் என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

1986 டூர் டி பிரான்ஸில் கிரெக் லெமாண்ட் ஜெயித்தது லுக் நிறுவனத்தின் கார்பன் சைக்கிளில். அந்தத் தலைமுறை ஃப்ரேம்களில் கார்பன் குழாய்களை அலுமினிய மூட்டுகளில் செருகி எபாக்ஸி பசையால் ஒட்டியிருப்பார்கள். 1994-ல் இத்தாலியின் கோல்னாகோ கொண்டுவந்த சி40-ல் மூட்டுகளும் கார்பன். கல் பாவிய சாலைகளில் எலும்பை உலுக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தை 1995-ல் ஃபிராங்கோ பாலெரினி அதில்தான் வென்றார். மறு ஆண்டு அவருடைய மாப்பே அணி முதல் மூன்று இடங்களையும் அள்ளியது. கார்பன் நொறுங்கிவிடும் என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சைக்கிள்களில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். அதை அலுமினியத்தோடு சேர்த்து, நடுவில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அது ஒரு மின்கலம். வியர்வையே போதும். கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. எலெக்ட்ரான்களை இழந்து அரிபடுவது அலுமினியம். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஜிஐ பைப்பில் பித்தளைக் குழாய் மாட்டிய இடத்தில் மட்டும் மரை தின்றுபோகும். மற்ற பைப் திடமாகவே இருக்கும். அதே சங்கதிதான் இதுவும்.

சைக்கிளில் இது மும்முரமாக நடப்பது சீட் போஸ்ட்டில். ஓட்டுகிறவரின் வியர்வையும் பின்சக்கரம் வாரியடிக்கும் மழைத்தண்ணீரும், அலுமினிய போஸ்ட்டுக்கும் கார்பன் குழாய்க்கும் இடையே மெல்ல இறங்குகின்றன. அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடிக்கு அலுமினியத்தைவிட அதிக இடம் வேண்டும். உள்ளே இடமே இல்லை. பொடி இறுகி, போஸ்ட் அசையாமல் சிக்கிக்கொள்கிறது. இரும்பு ஃப்ரேம் என்றால் பலம் போட்டு முறுக்கலாம். கார்பனை அப்படி முறுக்கினால் குழாய் விரிசல் விடும். காஸ்டிக் சோடா ஊற்றிக் கரைக்கும் வித்தையும் இங்கே ஆகாது. அலுமினிய மூட்டுள்ள ஃப்ரேமில் மூட்டும் சேர்ந்து கரையும்.

அந்த மூட்டுகளும் இதே அரிப்பில் பசை விட்டு, மிதிக்கும்போது கிறீச்சிடும். நடுவே கண்ணாடி இழையை ஒரு சுற்று வைத்தால் மின்சாரம் பாயாது. தயாரிப்பாளர்கள் அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகே தொல்லை குறைந்தது.

இனி கியர். பின்சக்கரம் உட்காரும் இடத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். 126 மி.மீ. என்றால் ஆறு, ஏழு ஸ்பீடு காலத்து ஃப்ரேம். இரும்பை இழுத்து அகட்டலாம். கார்பனை அகட்டவே கூடாது. 130 இருந்தால் 11 ஸ்பீடுகூட மாட்டலாம். டிஸ்க் பிரேக் ஆசை வேண்டாம். துளை போட்டு மாட்டித் தருகிறேன் என்பவரிடம் ஃப்ரேமைக் கொடுக்காதீர்கள்.

வயதாகிவிட்டது என்று நல்ல கார்பன் ஃப்ரேம்களைத் தூக்கிப்போடுவதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. அடிபடாத கார்பன், அலுமினியம் போல மிதிக்க மிதிக்கச் சோர்ந்துபோவதில்லை. குப்பைக்குப் போனால் இரும்பைப் போல உருக்கி வார்க்கவும் முடியாது. இறுகிய எபாக்ஸி மறுபடி உருகாது. வாங்கியதும் துடைக்காமல் சுவரில் மாட்டி அழகு பார்ப்பதும் ஒருவகைப் புறக்கணிப்புதான். உள்ளே தேங்கிய உப்பு ஈரக்காற்றில் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, வாசகரே, விற்பவர் முன்னிலையிலேயே சீட் போஸ்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தால் உள்ளே சுத்தமாகத் துடைத்து, கார்பனுக்கென்று விற்கும் பேஸ்ட்டைத் தடவி, டார்க் ரெஞ்சால் அளவோடு இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.