15 ஆண்டு கேசட்டில் வராத அனிமேஷன் படம்... 'ஹெவி மெட்டல்' ஆல்பத்தில் என்ன சிக்கல்? கடம்பூர் மைக் செட்டுக்கும் இதே கதைதானா?

கடம்பூர் பக்கம் கோயில் கொடை வந்துட்டா மைக் செட் பாட்டு அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. அதே கொடையை செல்போனில் பிடித்து யூடியூபில் போட்டால், காப்புரிமை எச்சரிக்கை வந்து நிற்கும். சில நேரம் பாட்டு வரும் இடத்தில் சத்தமே இருக்காது. ஊருக்குள் ஓடினால் தப்பில்லாத பாட்டு, செல்போனுக்குள் போனதும் ஏன் சிக்கலாகிறது?

இதைப் புரிந்துகொள்ள 1981-ல் வெளியான 'ஹெவி மெட்டல்' என்ற அனிமேஷன் படத்தின் கதை உதவும்.

அது என்ன படம்?

கனடாவில் உருவான படம். இயக்கியவர் ஜெரால்ட் பாட்டர்டன், தயாரித்தவர் இவான் ரைட்மேன். வெளியிட்டது கொலம்பியா பிக்சர்ஸ். குழந்தைகளுக்கான கார்ட்டூன் இல்லை, பெரியவர்களுக்கான படம். பல குட்டிக் கதைகளை ஒரு சரடில் கோத்திருப்பார்கள்.

பெயரைப் பார்த்து இசையை வைத்து எடுத்த படம் என்று நினைக்க வேண்டாம். 'ஹெவி மெட்டல்' என்பது 1977-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு காமிக்ஸ் பத்திரிகையின் பெயர். பிரான்ஸில் வந்துகொண்டிருந்த ஒரு காமிக்ஸ் இதழின் அமெரிக்க வடிவம் அது. பத்திரிகைக் கதைகளைப் படமாக்கியவர்கள், பெயருக்கு ஏற்ற மாதிரி ராக் இசைக் குழுக்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

ஹெவி மெட்டல் இசை என்றால்?

மின்சார கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கி, கனத்த டிரம்ஸ் அடியோடு, உச்ச சத்தத்தில் வாசிக்கும் ராக் இசை. 1970-களில் பிரிட்டனின் பிளாக் சபாத் போன்ற குழுக்கள் இதற்கு வடிவம் கொடுத்தன. சத்தம் நமக்குப் புதுசில்லை. மைக் இல்லாத காலத்திலேயே நாகஸ்வரமும் தவிலும் திறந்த வெளியில் ஊருக்கே கேட்டவைதான். ஆனால் நாகஸ்வரத்தின் சத்தம் குழலிலிருந்து வருகிறது, மெட்டலின் சத்தம் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வருகிறது.

ஆல்பத்தில் யார் யார்?

இரண்டு இசைத்தட்டுகளாக வந்த ஆல்பம், மொத்தம் 16 பாடல்கள். பிளாக் சபாத், ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட், சாமி ஹேகர், நசரேத், சீப் டிரிக், ஜர்னி, டீவோ எனப் பெரிய பட்டியல். ஈகிள்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் டான் ஃபெல்டரும் உண்டு. எல்லாமே மெட்டல் இல்லை. மென்மையான காதல் பாட்டும் இருக்கிறது.

ஒரு சுவாரசியம்: ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழு, படத்தில் வரும் 'டார்னா' என்ற வீராங்கனையின் கதைக்காகவே ஒரு பாட்டு எழுதியது. அதில் கதை முழுக்க வெளியே தெரிந்துவிடுகிறது என்று ஒதுக்கிவிட்டு, அதே குழுவின் வேறொரு பாட்டைப் படத்தில் வைத்தார்கள்.

பின்னணி இசை தனி. 'தி டென் கமாண்ட்மென்ட்ஸ்' படத்துக்கு இசையமைத்த எல்மர் பெர்ன்ஸ்டீன், லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து அதைச் செய்தார்.

அப்புறம் சிக்கல் எங்கே வந்தது?

படம் தியேட்டரில் ஓடியது. ஆல்பம் கடையில் விற்றது. கேபிள் டிவியிலும் போட்டார்கள், தனி ரசிகர் கூட்டம் உருவானது. ஆனால் வீடியோ கேசட் மட்டும் வரவில்லை. காரணம், பாடல் உரிமை.

ஒரு பாட்டில் குறைந்தது இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, மெட்டும் வரிகளும். இன்னொன்று, அதைப் பதிவு செய்த ஒலி. இரண்டுக்கும் உரிமையாளர்கள் வேறு வேறாக இருக்கலாம். படத்தில் சேர்க்க இருவரிடமும் அனுமதி வேண்டும். தியேட்டருக்கு வாங்கிய அனுமதி கேசட்டுக்குச் செல்லாது, அதற்குத் தனியாகப் பேச வேண்டும்.

1981-ல் வீட்டு வீடியோ என்பதே புதுசு. பல குழுக்கள், பல கம்பெனிகள். அத்தனை பேரையும் ஒத்துக்கொள்ள வைத்தால்தான் கேசட். ஒருத்தர் மறுத்தாலும் வேலை நிற்கும்.

எப்படித் தீர்ந்தது?

'நிஞ்ஜா டர்ட்டில்ஸ்' காமிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவரான கெவின் ஈஸ்ட்மேன், 1990-களின் தொடக்கத்தில் 'ஹெவி மெட்டல்' பத்திரிகையை வாங்கினார். 1996-ல் படம் மறுபடியும் தியேட்டருக்கு வந்தது. பாடல் உரிமையாளர்களோடு உடன்பாடும் ஏற்பட்டது. அதே ஆண்டு அதிகாரபூர்வ கேசட் வெளியானது. 15 ஆண்டுக் காத்திருப்பு.

தமிழில் இந்தப் பிரச்னை உண்டா?

உண்டு. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தில் 'குணா' படப் பாடலைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. ஆடியோ உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி வாங்கிவிட்டோம் என்றது படக்குழு. ஒரே பாட்டில் இரண்டு சொத்து என்ற அதே கதைதான்.

வாசித்தவருக்கு என்ன கிடைக்கும் என்பது இன்னொரு கேள்வி. கோவில்பட்டியில் வாழ்ந்த நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம், 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு வாசித்தது இன்றும் ஒலிக்கிறது. ஆனால் பாடுகிறவர், வாசிக்கிறவருக்கெனத் தனி உரிமை இந்தியச் சட்டத்தில் 1994-ல்தான் வந்தது. அவர் மறைந்து 30 ஆண்டு கழித்து. பாடலாசிரியர், இசையமைப்பாளர் இருவருக்கும் தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது கிடைக்க வேண்டிய ராயல்டி பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது என்ற பாதுகாப்பு 2012-ல் வந்தது.

சரி, கடம்பூர் மைக் செட்காரர் என்ன செய்யணும்?

* கோயில் கொடை, கல்யாணம்: காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு, உண்மையான மதச் சடங்குகளில் பாட்டு போடுவதற்கு விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் இதில் அடங்கும். 2023 ஜூலையில் மத்திய அரசு இதைப் பொது அறிவிப்பாகவே நினைவுபடுத்தியது.

* ஹோட்டல், கடை, டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சி: இந்த விலக்கு பொருந்தாது. உரிமம் வேண்டும்.

* யூடியூப், ஃபேஸ்புக்: இவற்றின் தானியங்கி முறை பாட்டைக் கண்டுபிடித்துவிடும். சத்தம் நிறுத்தப்படலாம், வீடியோ முடக்கப்படலாம், விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம்.

அதனால் கொடை வீடியோவை நெட்டில் ஏற்ற நினைப்பவர்கள், சினிமா பாட்டு ஓடும் பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுவது பாதுகாப்பானது. மேளத்தையும் வில்லுப்பாட்டையும் ஏற்ற நினைத்தால், வாசிக்கிற கலைஞர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். அந்த வாசிப்பில் இன்று அவங்களுக்கும் உரிமை இருக்கிறது.