ஒரு வீரர், ஓர் எலும்பு, 680 ஆட்டங்கள்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ஒவ்வோர் அணியும் பருவம் ஒன்றுக்கு 82 ஆட்டங்கள் ஆடுகிறது. 1974இல் அத்தொடருக்குள் நுழைந்து 1988 வரை அதில் இருந்த பில் வால்டன், அந்தப் பதினான்கு பருவங்களில் ஆடியிருக்கக்கூடிய ஆட்டங்கள் 1,148. ஆடியவை 468 மட்டுமே. எஞ்சிய 680 ஆட்டங்களின்போது அவர் பெரும்பாலும் மாவுக்கட்டோடும் ஊன்றுகோலோடும் இருந்தார். பாதிக்கும் குறைவான ஆட்டங்களே ஆடிய ஒருவருக்கு இரண்டு சாம்பியன் பட்டங்களும், ஒரு முறை ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதும், 1993இல் புகழரங்கில் இடமும் கிடைத்தன என்பதிலிருந்தே, உடம்பு ஒத்துழைத்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார் என்ற கேள்வி இன்றளவும் அந்த விளையாட்டின் ரசிகர்களிடையே பேசப்பட்டு வருகிறது. அவருக்கு வந்த காயங்கள் பல. முழங்கால், மணிக்கட்டு, மூக்கு என்று பட்டியல் நீளும். ஆனால் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் போக்கையே திருப்பியது இடது பாதத்தின் நடுவில் இருக்கும் ஒரு சிறிய எலும்புதான்.

மனிதப் பாதம் ஒவ்வொன்றிலும் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் நேவிகுலர் என்பது பாதத்தின் உட்புறத்தில், கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால், படகு போலக் குழிந்த வடிவில் அமைந்திருக்கிறது. அதற்குப் பின்னால், உடலின் முழு எடையையும் காலிலிருந்து வாங்கிக்கொள்ளும் டேலஸ் என்னும் கணுக்கால் எலும்பும், முன்னால் கட்டைவிரலையும் அதை அடுத்த இரு விரல்களையும் நோக்கிச் செல்லும் மூன்று ஆப்பு வடிவ எலும்புகளும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பாதத்தின் உட்புற வளைவை ஒரு கல் வளைவாகக் கொண்டால், அதன் உச்சியில் செருகப்பட்டு இருபுறத்துக் கற்களையும் சரியாமல் பிடித்திருக்கும் நடுக்கல்லின் இடம் நேவிகுலருக்கு உரியது. ஓடும்போதும் எம்பும்போதும் முன்பாதத்திலிருந்து வரும் விசையும் மேலிருந்து இறங்கும் எடையும் இந்த எலும்பில்தான் சந்திக்கின்றன. அவை ஒரே நேர்க்கோட்டில் சந்திப்பதில்லை என்பதால், எலும்பின் நடுப்பகுதி நசுக்கப்படுவதோடு, இரண்டாகப் பிளக்கப்படும் வகையில் கத்தரி விசைக்கும் ஆளாகிறது.

அதே நடுப்பகுதிக்கு இன்னொரு குறையும் உண்டு. நேவிகுலருக்குக் குருதி கொண்டுவரும் சிறு குழாய்கள் அதன் ஓரங்களின் வழியே நுழைந்து மையத்தை நோக்கிச் செல்கின்றன. நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்குக்கு வந்து சேரும் குருதி குறைவு என்பதே நெடுங்காலமாக மருத்துவ நூல்கள் தரும் விளக்கம். பிந்தைய உடற்கூற்று ஆய்வுகள், எல்லாப் பாதங்களிலும் அப்பகுதி அவ்வளவு வறண்டு கிடப்பதில்லை என்றும், அது ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது என்றும் காட்டியுள்ளன. எப்படியிருப்பினும், முறிவுக் கோடு பெரும்பாலும் விழுவது அந்த நடுப்பகுதியில்தான் என்பதிலும், விழுந்தபின் அது மற்ற எலும்புகளைப் போல எளிதில் கூடுவதில்லை என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

இங்கே முறிவு என்பதை, ஒரே அடியில் படாரென்று உடைவது என்று கொள்ளக் கூடாது. எலும்பு உயிருள்ள திசு. பழுதுபட்ட பகுதிகளை அரித்து அகற்றும் செல்களும், அந்தக் குழிகளில் புதிய எலும்பை நிரப்பும் செல்களும் அதற்குள் இடைவிடாது வேலை செய்கின்றன. அரிப்பதற்குச் சில வாரங்கள் போதும். நிரப்பிக் கெட்டிப்படுத்துவதற்குச் சில மாதங்கள் வேண்டும். ஒவ்வொரு தாவலிலும் எலும்பில் தோன்றும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை, போதிய ஓய்வு கிடைத்தால் இந்த ஏற்பாடு சரிசெய்துவிடுகிறது. இரவுக்கு ஓர் ஊராக ஆடிக்கொண்டே இருப்பவரின் காலிலோ, பழைய குழி நிரம்புவதற்குள் புதிய விரிசல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்ந்து ஒரு நாள் எலும்பின் குறுக்கே ஓடிவிடும் பிளவையே மருத்துவர்கள் அழுத்த முறிவு என்கிறார்கள். நேவிகுலரில் இத்தகைய முறிவு மனிதர்களிடம் விவரிக்கப்பட்டது 1970இல்தான். அதற்கு முன்பே அது பந்தய நாய்களில் கண்டறியப்பட்டிருந்தது என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். கிரேஹவுண்டு நாய்கள் ஓடும் பந்தயத் தடங்களில் ஓட்டம் எப்போதும் இடப்புறமாகவே வளைவதால், வளைவின் வெளிப்புறத்தில் அமையும் வலது பின்னங்காலில்தான் நேவிகுலருக்கு நிகரான எலும்பு பெரும்பாலும் முறிகிறது. ஒரே விதமான சுமை, ஒரே இடத்தில், மீண்டும் மீண்டும் விழுவதே இதற்குக் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வால்டனின் கதை இந்த உடலியலைப் புறக்கணித்ததால் நேர்ந்த கதை. கலிபோர்னியாவில் பிறந்து, ஜான் வுடன் பயிற்றுவித்த யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியில் ஆடி, 1973இன் கல்லூரி இறுதியாட்டத்தில் 22 முறை எறிந்து 21 முறை வளையத்துக்குள் போட்டு 44 புள்ளிகள் குவித்தவர் அவர். 1974இல், புதிய வீரர்களை என்.பி.ஏ. அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, போர்ட்லாண்ட் அணி அவரை எல்லோருக்கும் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தது. முதலிரண்டு பருவங்களில் காயங்களால் 35, 51 என்ற அளவிலேயே ஆட முடிந்தது. அவர் அப்போது இறைச்சி உண்ணாதவராக இருந்ததால், எலும்பு நிற்காததற்கு அந்தச் சாப்பாடுதான் காரணம் என்ற பேச்சும் எழுந்தது. அதன் பின் 1976-77 பருவத்தில் 65 ஆட்டங்கள் கிடைத்தன. அதுவே போதுமானதாக இருந்தது. பிலடெல்பியாவுக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 20 புள்ளிகள் எடுத்து, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 23ஐக் கைப்பற்றி, எதிரணியின் எறிகளில் எட்டைத் தடுத்து, போர்ட்லாண்டுக்கு அதன் முதல் பட்டத்தை அவர் வாங்கிக்கொடுத்தார். அந்நகர அணிக்கு இன்றுவரை கிடைத்த ஒரே பட்டமும் அதுதான்.

அடுத்த பருவத்தில் அந்த அணி முதல் 60 ஆட்டங்களில் 50ஐ வென்றிருந்தபோது வால்டனின் பாதம் மறுபடியும் கைவிட்டது. அவர் இல்லாமல் ஆடிய எஞ்சிய 22 ஆட்டங்களில் அணி வென்றது எட்டே எட்டு. 58 ஆட்டங்கள் மட்டுமே ஆடியிருந்தும் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கே வழங்கப்பட்டது என்பதிலிருந்து, அணி அவரை எந்த அளவுக்கு நம்பியிருந்தது என்பது விளங்கும். 1978 ஏப்ரலில், பருவ ஆட்டங்கள் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றில் சியாட்டில் அணியை எதிர்கொண்டபோது, வலிக்கும் பாதத்தில் வலி தெரியாதிருக்க ஊசி போட்டுக்கொண்டு அவர் களமிறங்கினார். ஆட்டத்துக்குப் பின் எடுக்கப்பட்ட எக்ஸ்-ரே படத்தில் இடது பாதத்தின் நேவிகுலர் முறிந்திருப்பது தெரிந்தது.

அந்த ஊசி என்ன செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நரம்பிழையின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் வழியே சோடியம் அயனிகள் உள்ளே பாயும்போதுதான் வலிச் செய்தி மூளையை நோக்கி நகர்கிறது. உணர்ச்சியை மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் அந்த வாயில்களை அடைத்துவிடுகின்றன. எலும்பில் விரிசல் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. அதன் மேல் விழும் சுமையும் குறைவதில்லை, மாறாக, கூடுகிறது. வலிக்கும் காலை ஊன்றும்போது மனிதர் தம்மை அறியாமலே எடையை மறு காலுக்கு மாற்றுகிறார், அடியை மென்மையாக வைக்கிறார், எம்பும் உயரத்தைக் குறைத்துக்கொள்கிறார். ஊசி போட்டபின் இந்தத் தற்காப்பு முற்றிலும் நீங்கி, ஏறத்தாழ 2.1 மீட்டர் உயரமுள்ள உடல் ஒன்று பாதி பிளந்த எலும்பின் மீது முழு வேகத்தில் வந்து இறங்குகிறது. முறிவு முழுமையாவதற்கு ஓர் இரவு ஆட்டம் போதும்.

தமக்கும் சக வீரர்களுக்கும் அளிக்கப்பட்ட மருத்துவத்தைக் கண்டித்த வால்டன், வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டு 1978-79 பருவம் முழுவதும் ஆட மறுத்தார். பின்னர் வழக்கும் தொடுத்தார். 1979இல் சான் டியாகோ கிளிப்பர்ஸ் அணிக்குப் போனார். அந்தப் பருவத்தில் ஆடியது 14 ஆட்டங்கள். அதே எலும்பு மீண்டும் முறிய, அடுத்த இரண்டு பருவங்களில் ஓர் ஆட்டம்கூட இல்லை. பாதத்தின் வளைவையே அறுவை மூலம் மாற்றியமைத்த பிறகுதான் அவர் மெல்லத் திரும்பினார்: முதலில் 33, பிறகு 55, பிறகு 67 ஆட்டங்கள். இந்த இடைவெளியில் அவர் ஸ்டான்போர்டில் சட்டம் படிக்கச் சேர்ந்ததை, எலும்பின் வேகத்தை ஒருவழியாக ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகவே கொள்ளலாம்.

1985-86 பருவத்தில் பாஸ்டன் அணியில், தொடக்க ஐவரில் ஒருவராக அல்லாமல் மாற்று ஆட்டக்காரராக, ஓர் ஆட்டத்தில் பாதி நேரத்துக்கும் குறைவாகவே களத்தில் நின்று அவர் 80 ஆட்டங்கள் ஆடினார். வாழ்நாளில் அவர் ஆடிய மிக அதிகமான ஆட்டங்கள் அவை; சுமையைக் குறைத்தபோதுதான் அவரால் பருவம் முழுக்க நீடிக்க முடிந்தது. பாஸ்டன் பட்டம் வென்றது. சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

அதே பருவத்தில் சிகாகோவில் இன்னொருவருக்கு அதே இடது பாதத்தில் அதே எலும்பு முறிந்திருந்தது. மைக்கேல் ஜோர்டான் பருவத்தின் மூன்றாவது ஆட்டத்திலேயே காயப்பட்டு 64 ஆட்டங்களை இழந்தார். திரும்பி வரத் துடித்த அவரை, பாதிக்கு ஏழு நிமிடங்கள் மட்டுமே ஆடலாம் என்ற நிபந்தனையோடு அணி நிர்வாகம் அனுமதித்தது. அந்த நிமிடக் கணக்கை அவர் கடைசிவரை வெறுத்தார். 1986 ஏப்ரல் 20 அன்று பிளே-ஆஃப் சுற்றில், வால்டன் இடம்பெற்றிருந்த பாஸ்டன் அணிக்கு எதிராகவே அவர் 63 புள்ளிகள் குவித்தார். ஆக, இந்த முறிவு நேர்ந்தவர் எல்லோரும் முடிந்துபோவதில்லை. ஜோர்டானுக்கு முறிவு சீக்கிரம் கண்டறியப்பட்டது, நான்கு மாதங்களுக்கு மேல் ஓய்வு கிடைத்தது, உடம்பும் அவ்வளவு கனமில்லை.

உடம்பின் கனம் சாதாரண விஷயமில்லை. ஓர் உருவம் விகிதம் மாறாமல் பெரிதானால் அதன் எடை உயரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கேற்பவும், எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு இருமடிப் பெருக்கத்துக்கேற்பவும் கூடும். 1.9 மீட்டர் உயரமுள்ளவரை 2.29 மீட்டருக்கு வளர்த்தால் எடை ஏறத்தாழ 75 விழுக்காடு ஏறும். அதைத் தாங்கும் எலும்பின் பரப்போ 45 விழுக்காடுதான் ஏறும். 2.29 மீட்டர் என்பது சீனாவின் யாவ் மிங்குடைய உயரம். 2002இல் ஹூஸ்டன் அணியில் சேர்ந்து முதல் மூன்று பருவங்களில் இரண்டே ஆட்டங்களைத் தவறவிட்ட அவர், கோடை விடுமுறைகளில் ஓய்வெடுக்காமல் சீனத் தேசிய அணிக்காகவும் ஆடிவந்தார். 2008 பிப்ரவரியில் இடது பாதத்தில் அழுத்த முறிவு கண்டறியப்பட்டு, திருகாணிகள் பொருத்தி அறுவை செய்யப்பட்டது. ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நாட்டின் கொடியை ஏந்தி நடந்து, ஆடவும் செய்தார். 2009 மே மாதம் அதே பாதம் மீண்டும் முறிந்தது. 2011இல், 30 வயதில், 486 ஆட்டங்களோடு அவர் ஓய்வு பெற்றார்.

லித்துவேனியாவைச் சேர்ந்த ஜிட்ரூனஸ் இல்காவுஸ்கஸ் இவர்களுக்கு மாறான முடிவைக் கண்டவர். கிளீவ்லாண்ட் அணியின் இந்த 2.21 மீட்டர் உயர வீரர், பாத முறிவுகளால் 1998 முதல் 2001 வரையான மூன்று பருவங்களில் ஆடியவை 29 ஆட்டங்கள் மட்டுமே. வளைவு உயர்ந்த பாதம் விறைப்பாக இருந்து, தரையின் அதிர்ச்சியை உள்வாங்காமல் நேவிகுலருக்கே தள்ளிவிடுகிறது என்பதால், முறிவை மட்டும் பிணைத்து விடாமல் பாதத்தின் எலும்புகளை வெட்டி அந்த வளைவையே திருத்தினார்கள். அதன் பிறகு அவர் பத்துப் பருவங்கள் ஆடினார். வால்டனுக்குக் காலம் கடந்து கிடைத்த சிகிச்சை இவருக்கு உரிய நேரத்தில் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்.

சிகிச்சையைப் பற்றிய தெளிவும் மெல்லத்தான் வந்தது. 1982இல் வெளியான, 21 நேவிகுலர் முறிவுகளை ஆராய்ந்த கட்டுரை, காலைத் தரையில் ஊன்றவே விடாமல் ஆறு முதல் எட்டு வாரங்கள் மாவுக்கட்டில் வைத்தவர்களுக்கு எலும்பு நன்றாகக் கூடியதையும், விளையாட்டை மட்டும் நிறுத்திவிட்டு நடமாட விட்டவர்களுக்குப் பெரும்பாலும் கூடாமல் போனதையும் காட்டியது. வால்டன் ஊசி போட்டுக்கொண்டு ஆடியது அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. எனினும், முறிவின் தன்மை தெரியாவிட்டாலும், மாதக்கணக்கில் வலிக்கும் பாதத்தை ஊசியால் மரக்கவைத்து ஆடவிடக் கூடாது என்பதை அறிய அந்தக் கட்டுரை தேவைப்பட்டிருக்காது.

1987இல் கடைசியாக ஆடிய வால்டனுக்கு, 1990இல் தேய்ந்துபோன கணுக்கால் மூட்டின் எலும்புகளை ஒன்றாக இணைத்து அசைவையே நிறுத்தும் அறுவை செய்யப்பட்டது. தொலைக்காட்சி வருணனையாளராகப் புகழ்பெற்று, முப்பதுக்கும் மேற்பட்ட எலும்பு அறுவைகளைக் கடந்து வாழ்ந்த அவர், 2024 மே 27 அன்று புற்றுநோயால் காலமானார்.

இந்த முறிவு கூடைப்பந்து நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஓட்டம், தாண்டுதல் பயிலும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் வரும். பாதத்தின் மேற்புறத்தில், கணுக்காலுக்குச் சற்று முன்னால், இன்ன இடம் என்று சுட்ட முடியாதபடி தோன்றும் வலி, ஓய்வெடுத்தால் மறைந்து மறுபடி ஓடினால் திரும்புவது இதன் இயல்பு. தொடக்க நிலையில் சாதாரண எக்ஸ்-ரே படத்தில் இது பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே அப்படிப்பட்ட வலி வாரக்கணக்கில் நீடித்தால், எக்ஸ்-ரே நன்றாக இருக்கிறது என்று மைதானத்துக்குத் திரும்பாமல், எலும்பு மருத்துவரிடம் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது.