காணாக்கடி: தூண்டுவது எது என்று கவனியுங்கள்

பூச்சி எதுவும் கடிக்காமலே தோல் திடீரெனச் சிவந்து, தடித்து, அரிப்பதைக் காணாக்கடி என்பார்கள். 6 வாரங்களுக்கு மேலாக அடிக்கடி வந்துகொண்டிருந்தால் அது நாட்பட்ட காணாக்கடி. இது தொற்றாது, பேரப்பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம்.

கத்தரிக்காய், கருவாடு, இறால் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பவர்கள் பலர். நாட்பட்ட காணாக்கடிக்கு உணவு காரணமாவது அரிது. சிலருக்கு அழுத்தம், உராய்வு, வியர்வை, குளிர், வெயில் போன்றவையே தோலில் ஹிஸ்டமின் என்ற பொருளைச் சுரக்கச் செய்து தடிப்பை வரவழைக்கின்றன.

காலையில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலிருந்து கனமான பையைத் தூக்கி வருகிறீர்கள். கை வீங்குவதோ பெரும்பாலும் 4 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான். அதனால் பழி மதியச் சாப்பாட்டின் மேல் விழுகிறது! பையின் பிடி அகலமாக இருக்கட்டும். சுமையை இரு கைகளுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். இடுப்பு வாரையும் தளர்த்துங்கள்.

பத்துமலையின் 272 படிகளை ஏறி வியர்க்கும்போதும், சுடுநீரில் குளிக்கும்போதும் சிலருக்குக் குண்டூசித் தலை அளவில் தடிப்புகள் வரும். உடல் ஆறினால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும்.

குளிரால் வருவதில்தான் அதிக கவனம் தேவை. நீர்வீழ்ச்சியிலோ நீச்சல் குளத்திலோ உடல் முழுவதும் நனைந்தால் மயக்கம்கூட வரலாம். ஐஸ் கச்சாங் சாப்பிட்டு நாக்கு வீங்குவதும் உண்டு. மருத்துவர் முன்கையில் 5 நிமிடம் ஐஸ் வைத்துச் சோதிப்பார். வீட்டில் நீங்களே அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

தடிப்பு எப்போது வந்தது, அதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று குறித்துவைத்து கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரே தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்துத் தழும்பு விட்டால் அதையும் சொல்லுங்கள்.

லோராடடின், செட்டிரிசின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் தரலாம். வீட்டில் மிச்சமிருக்கும் குளோர்பெனிரமின் மாத்திரையை நீங்களாக எடுக்காதீர்கள். வயதானவர்களுக்கு அது தூக்கக் கலக்கம் தரும். இரவில் கழிவறைக்குப் போகும்போது விழ நேரிடும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். மூட்டுவலிக்கான டைக்ளோபெனாக், இபுபுரோபன் ஆகியவை காணாக்கடியை அதிகமாக்கக்கூடும்.

அரிப்பே இல்லாமல் உதடு மட்டும் வீங்கினால், பெரிண்டோபிரில் போன்ற இரத்த அழுத்த மருந்து காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். நாக்கு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, தலை சுற்றினாலோ உடனே 999-ஐ அழையுங்கள்.