வரிப் பாஸ் மீனும் இழுவைத் தூண்டிலும்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் மீன்களுள், அந்நாட்டு வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்ட மீன் ஒன்று உண்டு. வெள்ளி போன்ற அதன் உடலின் இருபுறமும் ஏழெட்டுக் கருங்கோடுகள் தலைப்புறம் தொடங்கி வால்வரை ஓடுவதால் அதனை வரிப் பாஸ் என்பர். செசபீக் வளைகுடாப் பகுதி மக்கள் ‘ராக்ஃபிஷ்’ என்றும், வடக்கே உள்ளவர்கள் ‘ஸ்ட்ரைப்பர்’ என்றும் வழங்குவர். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் இம்மீனை வாரி வயலுக்கு எருவாகப் போட்டனர். அவ்வாறு செய்தலாகாது என்று மாசச்சூசெட்ஸ் குடியேற்ற அரசு 1639ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. 1670இல் பிளிமத் குடியேற்றத்தார், கேப் காட் கரையில் இம்மீனையும் கானாங்கெளுத்தி முதலியவற்றையும் பிடிப்பதால் வந்த வருமானத்தை இலவசப் பள்ளி நடத்த ஒதுக்கினர். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்த மீன் என்று இதனைக் கூறினால் பிழையாகாது.

பாஸ் என்றதும் நம் சந்தைக் கொடுவாவை நினைத்துவிடக் கூடாது. மலாய்க்காரர் சியாக்காப் என்று கூறும் அம்மீனையும் ஆங்கிலத்தில் கடற் பாஸ் என்றே விற்கின்றனர். ஆயினும் இரண்டும் வெவ்வேறு இனம், நடத்தையும் நேர்மாறானது. கொடுவா ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கழிமுகத்தை நோக்கி இறங்கும். வரிப் பாஸோ கடலில் வளர்ந்து, இளவேனிலில் ஆறேறி, நன்னீரில் முட்டையிடும். செசபீக்கில் விழும் ஆறுகளும் ஹட்சன் ஆறும் அதன் தலையாய பிறப்பிடங்கள். முட்டையிட்டு முடிந்த பெரிய மீன்கள் கடலுக்குத் திரும்பிக் கரையோரமாக வடக்கே சென்று, கோடையை நியூ இங்கிலாந்துக் கடலில் கழித்து, இலையுதிர் காலத்தில் மீண்டும் தெற்கே வரும்.

இப்பயணத்தை அறியாமல் அதனைப் பிடிக்கும் முறைகளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் செல்வது ஒரு முறை. கரையில் நின்று வீசுவது, படகை நீரோட்டத்தில் மிதக்க விட்டு உயிரிரை இடுவது, ஈயத் தூண்டிலை ஆழத்தில் இறக்கித் துள்ளச் செய்வது ஆகியவை மற்றவை. எது சிறந்தது என்று அந்நாட்டுத் தூண்டிற்காரர் தலைமுறை தலைமுறையாக வாதாடி வருகின்றனர். அந்த வாதத்தை ஒதுக்கிவிட்டு நோக்கினால் விடை எளிது. இழுத்தல் என்பது மீனைத் தேடும் முறை. மற்றவையெல்லாம் மீன் இருக்குமிடம் தெரிந்தபின் செய்யும் முறைகள்.

முதலில் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ‘ட்ராலிங்’ என்பது பெரிய பை போன்ற வலையைக் கடலில் இழுப்பது. அதனை நாம் இழுவலை என்கிறோம். இங்கே பேசப்படும் ‘ட்ரோலிங்’ அதுவன்று. இதில் வலையே இல்லை. கோல், உருளை, நரம்பு, முள் என்னும் தூண்டிற் கருவிகளே உண்டு. ஆகவே இதனை இழுவைத் தூண்டில் எனலாம். ஒலியால் நெருங்கிய இவ்விரண்டு சொற்களையும் ஆங்கிலம் பேசுவோரே மாற்றி எழுதிவிடுவதுண்டு.

இழுவைத் தூண்டிலின் நுட்பம் முழுவதும் ஆழத்திலும் வேகத்திலும் அடங்கியிருக்கிறது. படகு ஏறத்தாழ மனிதன் நடக்கும் வேகத்தில் செல்லும். அந்த வேகத்தில் சாதாரண நரம்பு நீர்மட்டத்துக்கு உயர்ந்துவிடும். வரிப் பாஸோ பெரும்பாலும் அடித்தரைக்கு அருகில் திரியும். ஆகையால் நரம்புக்குப் பதிலாக உலோகக் கம்பியையோ, உள்ளே ஈயம் ஓடும் கயிற்றையோ பயன்படுத்துகின்றனர். 100 அடிக் கம்பி விட்டால் தூண்டில் சுமார் 10 அடி ஆழம் செல்லும் என்பது பழகியவர்களின் கணக்கு. லாங் ஐலண்டின் கிழக்கு முனையாகிய மான்டாக்கில், அடியிலுள்ள மேடுகளின்மேல் நீரோட்டம் மோதிச் சுழிக்கும் இடங்களில், இக்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே படகோட்டிகள் மேட்டின் விளிம்பில் தூண்டிலை நடத்துவர். கணக்கு சற்றுத் தவறினால் தூண்டில் பாறையில் சிக்கும், அல்லது மீனின் தலைக்கு மேலே வீணாய்ச் செல்லும்.

பொய்யிரைகளும் பல. மென்ஹேடன் என்னும் மத்தியினத்து மீனைப் போலத் தோன்றும் பெரிய உலோகக் கரண்டி ஒன்று. குடைக்கம்பிகள் போல விரிந்த சட்டத்தில் ரப்பர்க் குழல்களைத் தொங்கவிடும் ‘குடைத் தூண்டில்’ மற்றொன்று. நீருக்குள் அது சிறு மீன் கூட்டம் ஒன்று ஓடுவதுபோலவே காட்சியளிக்கும். செசபீக்கில் அக்குழல்களுள் ஒன்றிரண்டுக்கு மட்டுமே முள் வைத்து, மற்றவற்றை வெறும் அழைப்பாக விடுவர். நியூ இங்கிலாந்தில் சிவந்த நீண்ட குழலொன்றின் வால்முள்ளில் கடற்புழுவைக் கோத்து, மிக மெதுவாக இழுப்பர். இதற்கு இயந்திரம் கூட வேண்டுவதில்லை. துடுப்புப் படகே போதும்.

அனுபவசாலிகள் படகை நேர்கோட்டில் செலுத்துவதில்லை. வளைந்து திரும்பும்போது உட்புறத் தூண்டில் வேகம் குறைந்து தாழும். வெளிப்புறத் தூண்டில் வேகம் கூடி உயரும். மீன் எதனைக் கவ்வியது என்று பார்த்தால், அன்றைக்கு மெதுவாகச் செல்ல வேண்டுமா விரைவாகச் செல்ல வேண்டுமா என்பது தெரிந்துவிடும். ஓரிடத்தில் நின்று இரையிடுபவனுக்கு இத்தகைய வினாவிடை வாய்ப்பதில்லை. இளவேனிலின் முடிவில், முட்டையிட்டு இறங்கும் மீன்கள் பரந்த வளைகுடாவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருக்கும் நாள்களில் இழுவைத் தூண்டிலுக்கு நிகரான முறை வேறில்லை என்பதற்குக் காரணமும் இதுவே.

ஆயின் அதனை இகழ்பவர்களும் உண்டு. இயந்திரமே மீனைப் பிடிக்கிறது, மனிதன் உருளையைச் சுற்றுவதோடு சரி என்பது அவர்கள் கூற்று. கனத்த கோலிலும் கம்பியிலும் மாட்டிய மீனின் போராட்டம் கைக்கு எட்டுவதில்லை என்பதும் உண்மையே. கரையிலிருந்து பிடித்தலே பெருமை என்னும் மரபு மிகப் பழையது. மாசச்சூசெட்ஸைச் சேர்ந்த கட்டிஹங்க் தீவில் 1864இல் செல்வர்கள் அமைத்த தூண்டிற் கழகம் ஒன்று இருந்தது. பாறைகளின்மேல் கடலுக்குள் நீளும் பலகைப் பாலங்களைக் கட்டி, அவற்றின் முனையில் அமர்ந்து அவர்கள் தூண்டில் வீசினர். மீனை வரவழைக்க இரைத்துண்டுகளை நீரில் தூவுவதற்கென்றே வேலையாள்கள் இருந்தனர். விலையுயர்ந்த சிங்கி இறால் வாலை முள்ளில் கோத்தனர். உழைப்பு யாருடையது என்று கேட்டால் இயந்திரத்தைப் பழிப்பவர்கள் இங்கேயும் சற்று மௌனம் காக்க வேண்டியிருக்கும்.

மிகப் பெரிய மீன்களைப் பொறுத்தவரை கணக்கு இழுவைத் தூண்டிலின் பக்கம் இல்லை. 1982இல் அட்லாண்டிக் சிட்டியின் கல்லணையிலிருந்து வீசிய பொய்யிரை 78 ராத்தல் 8 அவுன்ஸ் எடையுள்ள மீனைப் பிடித்தது. அதனை முறியடித்த மீன் 2011இல் கனெக்டிகட் கடலில், மிதக்க விட்ட படகிலிருந்து, உயிருள்ள விலாங்குக்கு அகப்பட்டது. அதன் எடை 81 ராத்தல் 14 அவுன்ஸ். வயது முதிர்ந்த வரிப் பாஸ் இரவில் ஆழம் குறைந்த பாறைப் பகுதிக்கு இரைதேடி வரும். அங்கே இயந்திர ஒலி அதனை விரட்டிவிடும். விலாங்கு அழைத்து வரும். இலையுதிர் காலத்திலோ தேடவே தேவையில்லை. கடற்பறவைகள் கூட்டமாக நீரில் பாயும் இடமே மீனிருக்கும் இடம். அப்போது கம்பியை இழுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே படகைச் செலுத்துபவன் மீனைக் கலைப்பதோடு, அருகிலுள்ளவர்களின் வசவையும் வாங்கிக்கொள்வான்.

இதுவரை கூறியது எந்த முறையில் மீன் அதிகம் அகப்படும் என்னும் பழைய கேள்விக்கு விடை. அந்தக் கேள்வி இன்று மாறிவிட்டது. 1970களின் பிற்பகுதியில் இம்மீனினம் வீழ்ச்சியுற்றது. 1984இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை இம்மீனைப் பிடிப்பதையே தடைசெய்தது. இனம் மீண்டும் பெருகிவிட்டதென்று 1995இல் அறிவித்தனர். ஆயின் 2019இல் வெளிவந்த மதிப்பீடு, இனம் மறுபடியும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுக் குன்றிவிட்டதென்று கூறியது. 2023 முதல் கடலிற் பிடிப்பவர் 28 அங்குலத்துக்கும் 31 அங்குலத்துக்கும் இடைப்பட்ட மீன் ஒன்றையே நாளொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விதித்தனர். சிறியதும் பெரியதும் கடலுக்கே திரும்ப வேண்டும்.

பொழுதுபோக்காகப் பிடிக்கப்படும் வரிப் பாஸ்களுள் பத்தில் ஒன்பது அளவு திரும்ப விடப்படுகின்றன. விடப்பட்டவை எல்லாம் பிழைப்பதில்லை. மாசச்சூசெட்ஸில் நடந்து 1996இல் வெளிவந்த ஆய்வு, விடப்பட்டவற்றுள் 9 விழுக்காடு இறப்பதாகக் கண்டது; அரசு மதிப்பீடுகளும் இந்த எண்ணையே கொள்கின்றன. அவ்வாய்வின்படி நிலைமை நன்றாயிருந்தால் இறப்பு 3 விழுக்காடுதான். மோசமாயிருந்தால் 26 விழுக்காடு. முள் எங்கே தைத்தது, எவ்வளவு ஆழம் தைத்தது, இரை உண்மையா பொய்யா, பிடித்தவன் பழகியவனா என்பவையே வேறுபாட்டுக்குக் காரணங்கள்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பழைய தீர்ப்புகள் சில தலைகீழாகின்றன. நின்ற இரையை மீன் நிதானமாக விழுங்கும். முள் தொண்டையிலோ குடலிலோ தைக்கும். ஓடும் பொய்யிரையை அது பாய்ந்து கவ்வுவதால் முள் பெரும்பாலும் வாயிலேயே நிற்கும். கனத்த கருவி கொண்டவன் மீனை விரைவில் படகுக்குக் கொண்டுவருவான். ஆகவே மீன் அதிகம் களைப்பதில்லை. மெல்லிய கோலில் நெடுநேரம் போராட விடுவது வீரமென்று கருதப்பட்டது; மீனுக்கோ அதுவே தீங்கு. இழுவைத் தூண்டிலிலும் குறையில்லாமல் இல்லை. படகை நிறுத்தாமல் இழுத்தால் வாய் திறந்த மீன் நீரில் உராய்ந்து வரும். ஒரே வேளையில் இரண்டு மூன்று மீன் மாட்டினால் ஒன்றை அவிழ்க்கும்வரை மற்றவை காத்துக் கிடக்கும். மும்முனை முள்ளை வாயிலிருந்து எடுக்கும் நேரத்தில் மூச்சு முட்டிவிடும்.

உயிரிரை முறைக்கும் பரிகாரம் கிடைத்திருக்கிறது. அது வட்ட முள். அதன் கூர்முனை வெளிநோக்காமல் உள்நோக்கி வளைந்திருக்கும். மீன் விழுங்கினாலும், வெட்டி இழுக்காமல் நரம்பை மெல்ல இறுக்கினால் முள் தொண்டையிலிருந்து வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். 2021 முதல் கிழக்குக் கரை நெடுக, இரையிட்டு வரிப் பாஸ் பிடிப்போர் இந்த முள்ளையே பயன்படுத்த வேண்டுமென்பது விதி. பொய்யிரையோடு சேர்த்துக் கோத்த இரைக்கு, அதாவது முன் கூறிய புழுக்குழல் போன்றவற்றுக்கு, அது பொருந்தாது. ஓடுவதை மீன் விழுங்குவதில்லை என்பதை நினைத்தால் இவ்விலக்கின் நியாயம் விளங்கும். பழைய பழக்கத்தால் வட்ட முள்ளையும் வெடுக்கென்று இழுப்பவன் மீனை இழப்பான்.

நீரின் வெப்பத்துக்கு மட்டும் எந்த முறையிலும் பரிகாரமில்லை. செசபீக்கின் உப்புக் குறைந்த நீர் கோடையில் சூடேறும்போது, முள் வாயோரத்தில் மாட்டிய மீனும் விடப்பட்டபின் இறப்பது மிகுகிறது. அதனால் மேரிலாந்து மாநிலம் 2020 முதல் கோடையின் உச்சத்தில் சில வாரங்கள் வளைகுடாவில் இம்மீனைத் தேடிப் பிடிப்பதையே நிறுத்தி வைத்து வருகிறது. அந்த வாரங்களில் படகோட்டிகள் தூண்டிலை வேறு மீன்களின் பக்கம் திருப்பிக்கொள்கின்றனர்.