கணக்குப் புத்தகம் சொல்லும் கதை

ஒரு சிற்றூரின் வரலாற்றை எங்கே தேடுவது? அரசர்களின் வரலாற்றில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. பல வேளைகளில் கோவில் அலமாரியில் கிடக்கும் பழைய கணக்குப் புத்தகத்தில்தான் அது இருக்கும். இங்கிலாந்தின் மோர்பாத் கிராமம் இதற்கு நல்லதொரு சான்று.

டெவன் பகுதியில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில் உள்ளது மோர்பாத். 16-ஆம் நூற்றாண்டில் அங்கே 33 குடும்பங்களே வாழ்ந்தன. 1520 முதல் 1574 வரை 54 ஆண்டுகள் அங்குப் பங்குத்தந்தையாக இருந்தவர் கிறிஸ்டோபர் டிரிக்கி. பங்கின் வரவு செலவை எழுதி, ஆண்டுதோறும் மக்கள் முன் வாசிப்பது அவர் வழக்கம்.

அந்தக் கணக்கில் ஒரு பங்கின் உயிர்த்துடிப்பே தெரிகிறது. கோவிலுக்குச் சொந்தமான ஆடுகளை மக்கள் தங்கள் மந்தையோடு சேர்த்து வளர்த்தார்கள். அவற்றின் கம்பளி விற்ற பணத்தில் புனிதர்களின் சுரூபங்கள் முன் விளக்குகள் எரிந்தன. இளைஞர்களுக்கும் கன்னியர்களுக்கும் தனித்தனி நிதி இருந்தது. இறந்தோர் திருப்பலிக்குக் கறுப்புத் திருவுடை வாங்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். 1547-இல் அது கைக்கு வந்தது.

அதே ஆண்டில் ஆறாம் எட்வர்டு அரசரானார். சில ஆண்டுகளில் சுரூபங்கள் அகற்றப்பட்டன, விளக்குகள் அணைந்தன, கோவில் ஆடுகளும் போயின. 1549-இல் ஆங்கில வழிபாட்டு நூல் திணிக்கப்பட்டபோது மேற்குப் பகுதி மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். எக்ஸெட்டர் அருகே இருந்த கிளர்ச்சியாளர் முகாமுக்கு மோர்பாத் தன் செலவில் ஐந்து இளைஞர்களை அனுப்பியது. இக்கணக்கை ஆராய்ந்து 2001-இல் நூல் எழுதிய வரலாற்று ஆசிரியர் ஈமன் டஃபி இதை எடுத்துக்காட்டுகிறார். அந்தக் கிளர்ச்சி இரத்தத்தில் முடிந்தது.

1553-இல் மேரி அரசியானதும், மக்கள் வீடுகளில் ஒளித்து வைத்திருந்த கோவில் பொருள்கள் வெளியே வந்தன. 1558-க்குப் பின் எலிசபெத் காலத்தில் எல்லாம் மறுபடி மாறின. டிரிக்கி புதிய ஒழுங்குக்குப் பணிந்தார். ஆனால் சாகும்வரை தம் மக்களை விட்டு அகலவில்லை. அவரைத் தீர்ப்பிடுவது எளிது. 54 ஆண்டுக் கணக்கைப் படித்தபின் அது அவ்வளவு எளிதாக இல்லை.

அன்பார்ந்தவர்களே, அவர் எழுதியது வரலாறு அல்ல, வெறும் கணக்கு. ஆயினும் ஆடு வளர்த்தவர், காணிக்கை தந்தவர் எனச் சிறியோரின் பெயர்களை அவர் விடாமல் குறித்ததால், அந்த ஏழை மக்களின் விசுவாசமும் வேதனையும் இன்றும் பேசுகின்றன. நம் பங்கின் பழைய பதிவேடுகளைப் பழைய காகிதக்காரருக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பார்ப்போம். நம் முன்னோரின் குரல் அதில் காத்திருக்கலாம்.