உள்ளாட்சியில் இளையோர் பங்களிப்பு (இராமநாதபுரம் கடற்கரை)

உள்ளாட்சியில் இளையோர் பங்களிப்பு என்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி ஆகிய அமைப்புகளின் பணிகளில் இளம் வயதினர் வாக்காளராகவும், கிராம சபை உறுப்பினராகவும், வேட்பாளராகவும், ஊதியம் பெறாத் தொண்டராகவும் ஈடுபடுவதைக் குறிக்கும். தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இதற்கான சட்ட வாய்ப்பு விரிவாகவே உள்ளது. ஆனால் அவ்வாய்ப்பு உண்மையில் யாருக்குக் கிட்டுகிறது என்பதைக் கடல்தொழிலின் நாட்காட்டியும், வெளிநாட்டு வேலையும், உரிய காலத்தில் நடைபெறாத தேர்தல்களும் பெருமளவு தீர்மானித்து வந்துள்ளன.

உள்ளாட்சி அமைப்புகள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்களும் அவற்றின் கீழ் 429 ஊராட்சிகளும் உள்ளன. இராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, இராமேஸ்வரம் ஆகியவை நகராட்சிகள். மண்டபம், தொண்டி, சாயல்குடி முதலியவை பேரூராட்சிகள். இராமேஸ்வரம் தீவிலேயே இருவகை அமைப்புகளும் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். இராமேஸ்வரம் நகராட்சியாகும், அதே தீவிலுள்ள பாம்பனும் தங்கச்சிமடமும் மண்டபம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சிகளாகும். இவ்வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதில்லை. பாம்பனில் வாழும் 18 வயது நிறைந்த வாக்காளர் கிராம சபையின் உறுப்பினர் ஆகிறார். சில கிலோமீட்டர் தொலைவில் இராமேஸ்வரத்தில் வாழும் அதே வயதினருக்குக் கிராம சபை இல்லை. நகர்ப்புறங்களுக்கென வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன.

வயதும் உரிமையும்

இந்திய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் குறைந்த வயது 21 ஆகும். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25 வயது தேவை என்பதால், தேர்தலில் நிற்க விரும்பும் இளைஞருக்கு முதலில் திறக்கும் கதவு உள்ளாட்சியே. வாக்குரிமை வயது 61ஆம் திருத்தத்தின் மூலம் 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது.

விடுதலைக்கு முன் இவ்வுரிமை வரி செலுத்துவதோடும் சொத்தோடும் கட்டுண்டிருந்தது. 1930களில் விருதுநகர் நகராட்சித் தேர்தலில் போட்டியிடக் காமராசருக்குச் சொத்துத் தகுதி இல்லாதிருந்ததாகவும், முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டை வாங்கி அவர் பெயரில் வரி கட்டியதாகவும் ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. விருதுநகர் அக்காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருந்தது. 1985இல்தான் தனி மாவட்டமானது.

கிராம சபை

1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபை உறுப்பினர்கள். இதற்கு மனுவோ நியமனமோ கட்சிப் பரிந்துரையோ தேவையில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த சபைக்கு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைவெண் வரம்பு மாறும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000 பேருக்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேரும் வந்திருக்க வேண்டும். கடற்கரையின் பெரிய ஊராட்சிகளில் இந்த முந்நூறு பேரைத் திரட்டுவதே ஒரு வேலையாகும். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று அழைப்பது பெரிய உதவியாக அமையக்கூடிய இடம் இதுவே.

கூட்டத்தில் ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை படிவம் 30இல் வைக்கப்படுகிறது. அதனைப் படிக்கக் கூட்டல் கழித்தல் அறிவு போதும். தெருவிளக்குக்கு இவ்வளவு, குடிநீர்க் குழாய் பராமரிப்புக்கு இவ்வளவு என்று எழுதப்பட்டுள்ளதைத் தெருவில் உள்ளதோடு ஒப்பிட்டுக் கேட்பது எந்த உறுப்பினருக்கும் உள்ள உரிமை. கேட்கப்பட்டதும் முடிவு செய்யப்பட்டதும் தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். எழுதாமல் விடப்பட்ட தீர்மானம் நடைமுறையில் இல்லாத தீர்மானமே. எனவே கூட்டம் முடியுமுன் பதிவேட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்பது, மேடையில் பேசுவதைக் காட்டிலும் பயன் தரும்.

18 வயது நிறையாத மாணவர்கள் சபை உறுப்பினர்கள் அல்லர். எனினும் கூட்டத்தைப் பார்த்துக் கற்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம்கள் மாணவர்களை ஊர்களுக்குக் கொண்டுவருகின்றன. 2024இல் மாற்றியமைக்கப்பட்ட 24 உறுப்பினர் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. தேர்தல் இல்லாமலேயே பொதுப் பொறுப்பேற்க இது மற்றொரு வழி.

2018 பிப்ரவரி 21 அன்று இராமேஸ்வரத்தில் அப்துல் கலாமின் இல்லத்திலிருந்து அரசியல் பயணத்தைத் தொடங்கிய கமல்ஹாசனின் கட்சி, அவ்வாண்டு மே தினக் கிராம சபைகளை முன்னிறுத்திப் பரப்புரை செய்தது. பின்னர் வேறு கட்சிகளும் குடிமை இயக்கங்களும் கிராம சபையைப் பேசுபொருளாக்கின. அதுவரை பல ஊர்களில் அது கையெழுத்து வாங்கும் சடங்காகவே இருந்து வந்தது.

கடல் நாட்காட்டி

பாக்கு நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள், நாட்டுப்படகுகளுக்கு எஞ்சிய நான்கு நாட்கள் என்ற முறை நெடுங்காலமாக உள்ளது. இராமேஸ்வரம் பகுதியில் திங்கள், புதன், சனி ஆகியவை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லும் நாட்கள். மறுநாள்தான் கரை திரும்புவர். கிராம சபை நாட்களோ ஆங்கிலத் தேதியால் அமைந்தவை. 2023இல் அக்டோபர் 2 திங்கட்கிழமை வந்தது. 2024இல் புதன்கிழமை வந்தது. இரண்டும் விசைப்படகு நாட்களே. முற்பகலில் கூடும் சபைக்குக் கடலில் இருக்கும் இளைஞர் வர இயலாது.

மே 1 மட்டும் இதற்கு விதிவிலக்காகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித் தடை உள்ளதால் (2017க்கு முன் இது 45 நாட்கள்), அன்று விசைப்படகுத் தொழிலாளர் கரையில் இருப்பர். தடைக்கால உதவித்தொகை பற்றிய கேள்விகளும் அப்போதுதான் சூடாக இருக்கும். நாட்டுப்படகினருக்கு இத்தடை இல்லை என்பதால் அவர்களுக்கு இந்த வசதியும் இல்லை. மன்னார் வளைகுடா ஓரம் கடற்பாசி சேகரிக்கும் பெண்களின் வேலைநாட்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அமைகின்றன; அவர்களுக்குக் கணக்கு வேறு. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் பலர். பட்டியலில் பெயர் இருந்தும் ஆள் ஊரில் இராத நிலையும் குறைவெண் வரம்பைக் கடினமாக்குகிறது.

சபைக்கு வந்தாலும் எல்லைகள் உண்டு. அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 துறைகளுள் மீன்வளத்தையும் குறிப்பிடுகிறது. ஆயினும் துறைமுகமும் மீன் இறங்குதளமும் படகு உரிமமும் மாநிலத் துறைகளிடமே உள்ளன. இலங்கைக் கடற்படையினர் பிடித்த படகை மீட்கக் கோரும் தீர்மானம் மேலிடத்துக்கு அனுப்பும் வேண்டுகோளாகவே முடியும். குடிநீர், ஊருணி தூர்வாருதல், சீமைக் கருவேலம் அகற்றல், குப்பை, தெருவிளக்கு ஆகியவற்றில்தான் சபையின் கை நேரடியாக நீள்கிறது. நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக உள்ள இம்மாவட்டத்தில் இவை சிறு பொருள்கள் அல்ல.

தேர்தல் நடைபெறாத ஆண்டுகள்

2016 அக்டோபர் 17, 19 ஆகிய நாட்களில் நடைபெறவிருந்த உள்ளாட்சித் தேர்தலுக்கான அறிவிக்கையை அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அம்மாதமே பழைய உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் நடைபெற்றது. இராமநாதபுரம் மாவட்டமும் அதில் அடங்கும். நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 வரை தள்ளிப்போனது. அதாவது 2016 அக்டோபரில் 21 வயதை எட்டிய இராமேஸ்வரம் நகரவாசி ஒருவர் முதன்முறையாக வேட்புமனு அளிக்க 26 வயது வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு முழுப் பதவிக்காலமே இவ்வாறு கழிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என அரசியலமைப்பின் 243உ பிரிவு கூறுவது இங்கே நினைவுகூரத்தக்கது.

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உறுப்பினர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோதும் தேர்தல் நடைபெற்றிருக்கவில்லை. மீண்டும் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர்.

தேர்தல் நடந்தபோது இளையோர் வென்றதற்குச் சான்றுகள் உள்ளன. 2020 ஜனவரியில் வெளியான முடிவுகளில் கிருஷ்ணகிரி மாவட்டம் காட்டிநாயக்கன்தொட்டி ஊராட்சித் தலைவராக 21 வயதுக் கல்லூரி மாணவி சந்தியா ராணி வெற்றி பெற்றார். 2021இல் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் இளம் பட்டதாரி சாருகலா தலைவரானார்.

கலாமின் நினைவுகூரல்

இராமேஸ்வரத்தின் பஞ்சாயத்து போர்டுக்கு விடுதலையை ஒட்டிய காலத்தில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன். அப்போது பள்ளி மாணவராக இருந்த கலாம், தந்தை வீட்டில் இல்லாதபோது ஒருவர் கொண்டுவந்த அன்பளிப்பை வாங்கி வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டதைப் பிற்காலத்தில் மாணவர் கூட்டங்களில் பலமுறை எடுத்துரைத்தார். பதவியில் உள்ளவர் வீட்டுக்கு வரும் பரிசின் பின்னே ஒரு நோக்கம் இருக்கும் என்பது தந்தை அவருக்குச் சொன்ன விளக்கம்.

பிற நாடுகளில்

பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கையில், இளைஞர் கிளர்ச்சிகளுக்குப் பின் 1990இல் உள்ளூராட்சித் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, வேட்பாளர் பட்டியலில் 40 விழுக்காடு இளைஞர்கள் இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. பின்னர் தளர்த்தப்பட்ட இக்கட்டாயம் 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 25 விழுக்காடாகத் திரும்பியது; 2025 மே 6 அன்று நடந்த தேர்தலில் மன்னார் உள்ளிட்ட பகுதிகளில் அது பின்பற்றப்பட்டது. பிலிப்பைன்சில் ஊர்தோறும் இளையோருக்கெனத் தனி மன்றம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பெண்களுக்கும் (2016 முதல் 50 விழுக்காடு) பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு உண்டு. வயதை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு இல்லை.