பயிரின் தாகம் எந்தக் கேமராவுக்குத் தெரியும்?

பச்சைப்பசேல் என்று நிற்கும் மக்காச்சோளம் தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருக்கலாம். சாதாரண கேமராவில் அது தெரியாது. இலையிலுள்ள நீர் 1450, 1940 நானோமீட்டர் அலைநீளங்களில்தான் ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. சிலிக்கான் சென்சாரின் பார்வையோ 1100-ஓடு நின்றுவிடும். இண்டியம், காலியம், ஆர்சனிக் சேர்ந்த சென்சார் உள்ள சிற்றலை அகச்சிவப்புக் கேமரா 1700 வரை பார்க்கும். அதில் நீருள்ள இலை கருப்பாகவும் வாடும் இலை வெளிறியும் விழும்.

எனவே ட்ரோனில் படமெடுத்து 'ஈரம் சொல்கிறோம்' என்று யாராவது வந்தால், காசு கொடுக்கும் முன் கேளுங்கள்: "கேமரா எத்தனை நானோமீட்டர் வரை பார்க்கும்?" 900 என்றால் அது காட்டுவது பசுமையை. பசுமை குறைவது தெரிவதற்குள் பூப்பருவம் கைவிட்டுப் போயிருக்கும். அப்படியொரு படத்தை நம்பி, சோதனைத் திடலில் ஒரு தண்ணீரைத் தள்ளிப்போட்டேன். கதிரில் பாதி மணி பிடிக்கவில்லை.

சிற்றலைக் கேமரா விலை லட்சங்களில் இருக்கிறது, வாங்கச் சொல்லமாட்டேன். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் 1610 நானோமீட்டரில் எடுக்கும் படம் இலவசம். ஆனால் அதன் ஒரு புள்ளி 20 மீட்டர் சதுரம், ஏறக்குறைய 10 சென்ட். சின்ன வயலில் பக்கத்து வரப்பும் கலந்துவிடும். மேகம் மூடினால் அதுவும் இல்லை. அந்த நாட்களில் வேர் ஆழத்து மண்ணைத் தோண்டிக் கையில் பிடித்துப் பாருங்கள்.